போரை எண்ணியவர்கள்

உயர்தர வகுப்பிலே ஒருநாள் பரணி இலக்கியம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். போர்க்களத்திலே ஆயிரம் யானைகளை வென்ற வீரன்மீதே பரணி பாடப்படும் என்பது பாட்டியல் நூலார் வகுத்த விதி. அதனைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சேர், யானையளை எண்ணியிருக்கினம். செத்த ஆக்களை ஏன் எண்ணேல்லை?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று பின்னேரம் வீடு திரும்பும்போது அந்தக் கேள்வியும் என்னோடு சைக்கிளில் ஏறிக்கொண்டது. கலிங்கத்துப்பரணியின் உறுப்புகள் பதின்மூன்றையும் வரிசை மாறாமல் சொல்ல எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை கேட்டதற்கு மட்டும் வகுப்பிலே நான் விடை சொல்லவில்லை. அந்த விடையைத் தேடிப் படித்தவற்றையே இன்று நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கலிங்கம் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு நினைவில் வருபவர் செயங்கொண்டார். முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான் கலிங்கம் சென்று வென்ற கதையை, பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அவர் பாடினார். களத்திலே பேய்கள் கூழ் அட்டுக் காளிக்குப் படைத்துத் தாமும் உண்ணும் பகுதியைப் படிக்கையில் சந்தமும் கற்பனையும் நம்மை மயக்கிவிடும். அந்தக் கூழுக்கு உணவானவர்கள் எத்தனை பேர், எந்த ஊரவர், அவர்களுக்காக அழுதவர் யார் என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. கவிஞரைக் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. வெற்றியைப் பாடுவது அவருக்கு இடப்பட்ட பணி. இறந்தவரை எண்ணுவது வேறொருவர் செய்யவேண்டிய பணி.

அதே கலிங்கத்தில், அதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தி, இன்னொரு போர் நிகழ்ந்தது. முடிசூடி எட்டு ஆண்டுகள் கழிந்த நிலையில் அசோகன் கலிங்கத்தை வென்றான். அவனுடைய பதின்மூன்றாம் பாறைச் சாசனம் அந்தப் போரின் கணக்கைத் தருகிறது. சிறைபிடித்துக் கொண்டுசெல்லப்பட்டோர் 150,000 பேர்; கொல்லப்பட்டோர் 100,000 பேர்; அதற்குப் பன்மடங்கினர் வேறு வகையில் மாண்டனர். அரசர்கள் தாம் கொன்ற பகைவரின் தொகையைப் பெருமைக்காகச் சொல்வதுண்டு. அசோகனோ கழிவிரக்கத்துக்குக் காரணமாகச் சொன்னான். அத்தொகையில் நூறிலொரு பங்கினர், ஆயிரத்திலொரு பங்கினர் இனித் துன்புற்றாலும் தன்னால் தாங்கமுடியாது என்ற கருத்தும் அச்சாசனத்தில் உண்டு. ஒரு போரின் எண்ணிக்கை ஓர் அரசின் கொள்கையை மாற்றியதற்கு இதைவிடப் பழைய சான்று தேடுவது கடினம். சோழர், பாண்டியர், தாம்பிரபர்ணி எனப்பட்ட நமது தீவு ஆகிய பெயர்களும் இதே சாசனத்தில் வருகின்றன.

ஆனால் ஒன்றை இங்கே கவனிக்கவேண்டும். கலிங்க நாட்டிலேயே உள்ள தௌலி, ஜௌகட ஆகிய பாறைகளில் இந்தப் பதின்மூன்றாம் சாசனம் இல்லை. அதற்குப் பதிலாக, எல்லா மக்களும் தன் பிள்ளைகளே என்ற கருத்துடைய வேறு சாசனங்களே அங்கு வெட்டப்பட்டுள்ளன. இறந்தவரின் தொகை, இறந்தவரின் உறவினர் வாழ்ந்த மண்ணில் எழுதப்படவில்லை. ஆறுதல் மொழி எழுதப்பட்டது, கணக்கு எழுதப்படவில்லை. வருந்திய அரசனுக்கும்கூட, பாதிக்கப்பட்டவர் முன்னிலையில் அந்தக் கணக்கைச் சொல்வது எளிதாக இருக்கவில்லைப் போலும்.

அசோகனுக்குப் பின் எத்தனையோ போர்கள் நடந்தன. எத்தனையோ தொகைகள் எழுதப்பட்டன. ஆயினும் ஒவ்வொரு நாடும் தன் இழப்பைத் தன் வசதிக்கேற்பவே எழுதியது. எல்லாப் போர்களையும் ஒரே ஏட்டில், ஒரே விதிப்படி எழுதிப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் மிகவும் பிந்தியே வந்தது.

அதற்கு முன்னோடியாக ஒருவரைச் சொல்லலாம். போலந்து நாட்டவரான ஜான் புளொக், வங்கியும் புகையிரதப் பாதைகளும் நடத்திய செல்வர். துப்பாக்கியின் வீச்சு, பீரங்கியின் வேகம், படைகளுக்கு வேண்டிய உணவு, அரசாங்கங்களின் கடன் என்பவற்றையெல்லாம் திரட்டி 1898 இல் ஆறு தொகுதிகள் கொண்ட நூலொன்றை வெளியிட்டார். இனி வரும் பெரும்போரில் படைவீரர் குழிகளுக்குள் முடங்கிக்கிடப்பர், விரைவான வெற்றி எவருக்கும் இல்லை, நாடுகள் வறுமையில் வீழும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1899 இல் ஹேக் நகரில் நடந்த சமாதான மாநாட்டில் அவரது நூல் பேசப்பட்டது. அவரும் அங்கு சென்றிருந்தார். 1902 இல் அவர் காலமானார். பன்னிரண்டு ஆண்டுகளின் பின் மூண்ட உலகப்போர் அவர் சொன்னபடியே குழிகளுக்குள் நடந்தது. கணக்கு இருந்தது, கேட்டு நடப்போர் இருக்கவில்லை.

அந்த உலகப்போரின் களத்திலே காயப்பட்டவர்களை ஏற்றிச்சென்ற ஓர் அம்புலன்ஸ் சாரதிதான் இக்கட்டுரையின் முதன்மையான மனிதர். பெயர் லூயிஸ் ஃபிறை றிச்சட்சன். 1881 இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் குவேக்கர் சமயக் குடும்பமொன்றில் பிறந்தவர். குவேக்கர்கள் ஆயுதம் ஏந்த மறுப்பவர்கள். கேம்பிரிட்ஜில் பயின்று வானிலைத் திணைக்களத்தில் உயர்பதவி வகித்த அவர், 1916 இல் அப்பதவியை விட்டு, பிரெஞ்சுப் படையணியொன்றுடன் இணைந்த அம்புலன்ஸ் பிரிவிலே சாரதியாகச் சேர்ந்தார். 1919 வரை அவ்வேலையைச் செய்தார்.

ஓய்வு கிடைத்த வேளைகளில், வைக்கோற் போரின்மேல் இருந்தபடி, அவர் ஒரு பெரிய கணக்கைச் செய்துகொண்டிருந்தார். வளியின் அமுக்கம், வேகம், வெப்பம் என்பவற்றை எண்களாக்கி, நாளைய வானிலையைச் சமன்பாடுகளால் முன்னறிய முடியுமா என்பதே அக்கணக்கு. 1917 இல் ஷம்பேன் சமரின்போது அந்தக் கையெழுத்துப் பிரதி தொலைந்துவிட்டது. பல மாதங்களுக்குப் பின் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலின் அடியிலே கண்டெடுக்கப்பட்டது. ஆறு மணிநேர வானிலையைக் கையாற் கணிக்க அவருக்கு ஆறு வாரங்கள் பிடித்தன; கிடைத்த விடையும் பிழையாயிற்று. ஆயினும் பிழையான விடையை மறைக்காமல் 1922 இல் நூலாக வெளியிட்டார். இன்று கணினிகள் வானிலையைக் கணிப்பது அவர் காட்டிய அடிப்படையிலேயே. தன் பிழையைத் தானே அச்சிட்ட இந்த நேர்மையை நேயர்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னர் போரை எண்ணியபோது அவருக்குக் கைகொடுத்தது அதுவே.

போருக்குப் பின் அவர் மீண்டும் வானிலைத் திணைக்களத்தில் சேர்ந்தார். 1920 இல் அத்திணைக்களம் விமானப்படைக்குப் பொறுப்பான அமைச்சின்கீழ் கொண்டுவரப்பட்டது. போருடன் தொடர்புள்ள அமைச்சில் வேலைசெய்ய மனமில்லாமல் பதவி விலகினார். பின்னர் ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி தொழில்நுட்பக் கல்லூரியின் அதிபரானார். 1940 இல், இரண்டாம் உலகப்போர் மூண்டு எரிந்துகொண்டிருந்த வேளையில், அந்த வேலையையும் விட்டு ஓய்வுபெற்றார். எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் ஒரே வேலைக்குக் கொடுத்தார். மனிதர் மனிதரைக் கொன்ற சண்டைகளையெல்லாம் பட்டியலிடுவதே அந்த வேலை.

1820 முதல் இரண்டாம் உலகப்போரின் முடிவு வரையான காலத்தை எடுத்துக்கொண்டார். எது போர், எது கலகம், எது கொலை என்று பிரிக்கத் தொடங்கினால் ஒவ்வொரு நாட்டினரும் ஒவ்வொரு பெயர் சொல்வர். ஒருவருக்குப் புரட்சியாக இருப்பது மற்றவருக்குப் பயங்கரவாதம். ஆகையால் பெயர்களையே விட்டுவிட்டார். உயிரிழப்பை உண்டாக்கிய சண்டை எதுவாயினும் அதனைக் 'கொலைச்சண்டை' என்ற ஒரே வகையில் அடக்கினார். ஒருவரை ஒருவர் கொன்ற கொலையும் அதில் அடங்கும், உலகப்போரும் அடங்கும். அளப்பதற்கு மடக்கையைப் பயன்படுத்தினார். எளிமையாகச் சொன்னால், இறந்தவர் தொகையில் ஒன்றுக்குப் பின் எத்தனை பூச்சியங்கள் என்பதே சண்டையின் பருமன். ஒருவர் இறந்தால் பருமன் பூச்சியம். ஆயிரம் பேர் இறந்தால் மூன்று. ஒரு கோடிப் பேர் இறந்தால் ஏழு. இம்முறையில் ஒரு நன்மை உண்டு. ஒரு தரப்பு ஆயிரம் என்றும் மறுதரப்பு இரண்டாயிரம் என்றும் வாதாடும்போது, பருமனிலே ஏற்படும் வித்தியாசம் மிகச் சிறியது. வாதத்துக்கு இடையிலும் ஆராய்ச்சி நடக்கும்.

அவர் கண்டது என்ன? முந்நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்ட 315 சண்டைகளை அவர் பட்டியலிட்டார். அவற்றுள் 200 மூன்றாம் பருமன், 70 நான்காம் பருமன், 36 ஐந்தாம் பருமன், 7 ஆறாம் பருமன். ஏழாம் பருமனை எட்டியவை இரண்டே இரண்டு உலகப்போர்கள். எல்லா வகைக் கொலைகளிலும் மாண்டவர் ஏறத்தாழ 5 கோடியே 90 இலட்சம் பேர். அவர்களுள் 3 கோடியே 60 இலட்சம் பேர் அந்த இரண்டு போர்களில் மட்டும் மாண்டவர்கள். பொதுமொழி ஒன்றிருந்தால் சண்டை குறையும் என்று அவர் எதிர்பார்த்தார். அவரது தரவு அதனை ஆதரிக்கவில்லை. அதனையும் மறைக்காமல் எழுதினார். அயல்நாடுகளின் தொகை கூடக்கூடச் சண்டைகளும் கூடுவதைக் கண்டார். ஒரு நாடு ஆயுதம் குவிக்க, அதைக் கண்டு அஞ்சி மற்றது குவிக்க, இரண்டும் எப்படி ஏறிச்செல்கின்றன என்பதற்கு இரண்டு சிறிய சமன்பாடுகளையும் எழுதினார். மனிதர் நின்று யோசிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதைத்தான் அச்சமன்பாடுகள் காட்டுகின்றன என்பது அவர் கருத்து. விதி என்று அவர் அதனைச் சொல்லவில்லை.

இந்த ஆராய்ச்சியின்போது அவருக்கு ஒரு விசித்திரம் தட்டுப்பட்டது. நாடுகளின் எல்லை நீளத்துக்கும் போருக்கும் தொடர்புண்டா என்று பார்க்க, எல்லைகளின் நீளத்தைத் தேடினார். ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் இடையிலான எல்லையை ஒரு நூல் 987 கிலோமீற்றர் என்றது. இன்னொன்று 1,214 கிலோமீற்றர் என்றது. நெதர்லாந்துக்கும் பெல்ஜியத்துக்கும் இடையே 380 என்றும் 449 என்றும் இரு கணக்குகள். யாரும் பொய் சொல்லவில்லை. அளவுகோல் சிறிதானால் வளைவு நெளிவுகளெல்லாம் சேர்ந்து எல்லை நீண்டுவிடுகிறது. பெரிய அளவுகோல் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. இறந்தவர் கணக்கும் இப்படித்தான். குண்டு பட்டு இறந்தவரை மட்டும் எண்ணுவதா? மருந்தின்றி இறந்த குழந்தையை எண்ணுவதா? காணாமற்போனவரை எந்த நிரலிலே போடுவது? கோலை முதலில் காட்டாமல் நீளத்தைச் சொல்பவனை நம்பமுடியாது.

1953 இல் றிச்சட்சன் காலமானபோது அவரது பெரிய ஆராய்ச்சிகள் இரண்டும் நுண்படச் சுருள்களாகவே இருந்தன. அவை நூல்களாக அச்சேறியது 1960 இல். அதற்கு உதவியவர் சிக்காகோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் குவின்சி ரைட். அவரும் 1942 இல் போர் பற்றி இரு தொகுதிகள் எழுதியவர். அதன்பின் தனிமனிதர் செய்த வேலையை நிறுவனங்கள் கையேற்றன. 1959 இல் ஒஸ்லோவில் ஜொஹான் கல்டுங் சமாதான ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1963 இல் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தில் டேவிட் சிங்கர், ஆயிரம் பேர் களத்தில் இறந்தால் போர் என்ற விதியுடன், 1816 முதலான போர்களைத் தொகுக்கத் தொடங்கினார். 1966 இல் சுவீடன் நாடாளுமன்றம், தன் நாடு 150 ஆண்டுகள் போரின்றி வாழ்ந்ததன் நினைவாக ஸ்டொக்ஹோமில் ஓர் ஆய்வு நிறுவனத்தை அமைத்தது. சுவீடனின் ஊப்சாலாப் பல்கலைக்கழகம் அளவுகோலை மேலும் சிறிதாக்கியது. ஓர் ஆண்டில் 25 பேர் களத்தில் இறந்தாலே அது ஆயுதமோதல் எனப் பதியப்படும் என்றது. அரசும் அரசை எதிர்ப்போரும் மோதுவது, அரசுசாராக் குழுக்கள் தம்முள் மோதுவது, ஆயுதமற்ற பொதுமக்களை ஒரு தரப்புக் கொல்வது என்று மூன்று நிரல்களும் வகுத்தது.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். ஒரு பயனைச் சொல்கிறேன். 1990களில் ருவாண்டாவையும் பொஸ்னியாவையும் பார்த்த உலகம், போர்கள் பெருகிக்கொண்டே போகின்றன, சமாதானப் படைகளால் ஆவது ஒன்றுமில்லை என்று எண்ணியது. 2005 இல் வெளியான மனித பாதுகாப்பு அறிக்கை இந்தத் தரவுகளை அடுக்கிப் பார்த்து, 1990களின் தொடக்கத்திலிருந்து ஆயுதமோதல்களின் தொகை 40 வீதத்துக்கு மேல் குறைந்திருப்பதைக் காட்டியது. 2008 இல் வேர்ஜினியா பேஜ் ஃபோட்னா என்ற அமெரிக்க ஆய்வாளர், சமாதானப் படைகள் சென்ற இடங்களையும் செல்லாத இடங்களையும் ஒப்பிட்டார். அப்படைகள் பெரும்பாலும் மிகக் கடினமான இடங்களுக்கே அனுப்பப்படுகின்றன என்பதையும், அப்படியிருந்தும் போர் மீண்டும் மூளும் அபாயம் அவற்றால் பாதிக்கு மேல் குறைகிறது என்பதையும் நிறுவினார். பணத்தை எங்கே செலவிடலாம் என்று தீர்மானிப்போருக்கு இது சிறிய உதவியன்று. அதே ஏடுகள் இன்று எச்சரிக்கையும் செய்கின்றன. அரசுகள் சம்பந்தப்பட்ட ஆயுதமோதல்கள் 2023 இல் 59. 2024 இல் 61. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அந்த ஆண்டு வரை பதியப்பட்டவற்றுள் அதுவே மிகக்கூடிய தொகை.

எண்ணாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு யூகோஸ்லாவியாவின் கதையைச் சொல்லவேண்டும். இரண்டாம் உலகப்போரில் தனது மக்களில் 17 இலட்சம் பேர் மாண்டனர் என்று அந்த அரசு போர் முடிந்ததும் அறிவித்தது. பிறக்காமற்போன குழந்தைகளையும் சேர்த்துப் பார்க்கும் குடித்தொகைக் கணக்கு, கொல்லப்பட்டோர் கணக்காக உருமாறிவிட்டது. 1964 இல் அரசே வீடுவீடாகப் பெயர் திரட்டியபோது கிடைத்தவை 597,323 பெயர்கள். அந்தப் பட்டியல் முழுமையானதன்று. ஆனாலும் அதனைத் திருத்தி நிறைவாக்குவதற்குப் பதிலாக, அரசு அதனை மூடிவைத்துவிட்டது. 1980களின் இறுதியிலேதான் அது வெளிச்சத்துக்கு வந்தது.

மூடிவைத்த பட்டியலின் மேல் வதந்தி வளர்ந்தது. சேர்பியர், யூதர், றோமா மக்கள் ஆகியோரை உஸ்தாஷாக்கள் கொன்ற யசெனோவாட்ஸ் முகாமில் மட்டும் ஏழு இலட்சம் பேர் மாண்டனர் என்று ஒரு பக்கத்தில் சொல்லப்பட்டது. பின்னர் குரோவேஷிய ஜனாதிபதியான ஃபிரான்ஜோ துஜ்மன், 1989 இல் வெளியிட்ட நூலில், முப்பதாயிரம் நாற்பதாயிரம் என்றார். முதற் தொகை சேர்பியப் பிள்ளையின் நெஞ்சில் அச்சத்தை வளர்த்தது. மற்றத் தொகை, 'உங்கள் துன்பம் பொய்' என்று அவனுக்குச் சொன்னது. இத்தனைக்கும் 1985 இல் சேர்பியரான பொகொல்யூப் கொச்சோவிச்சும், 1989 இல் குரோவேஷியரான விளாடிமிர் ஷெர்யாவிச்சும், தனித்தனியே கணக்கிட்டு ஏறத்தாழ ஒரே முடிவுக்கு வந்திருந்தனர். முழு யூகோஸ்லாவியாவின் இழப்பு முன்னவர் கணக்கில் 1,014,000; பின்னவர் கணக்கில் 1,027,000. இரு இனத்து அறிஞர் இருவர் ஒத்துக்கொண்ட ஒரு கணக்கு கையில் இருந்தது. ஆனால் மேடையில் முழங்கியவர்களுக்கு அது தேவைப்படவில்லை. 1991 இல் போர் மூண்டது. போருக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் எண்ணப்படாத இறந்தவர்கள், உயிரோடிருந்தவர்களுக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டார்கள் என்பதை மறுக்கமுடியாது. இன்று யசெனோவாட்ஸ் நினைவகத்தின் பட்டியலில் 83,145 பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மனிதரின் பெயர்.

அந்தப் பாடத்தைக் கற்றவர்கள் பொஸ்னியாவில் இருந்தார்கள். 1992 முதல் 1995 வரையான போரில் இரண்டு இலட்சம் பேர் இறந்தனர் என்றே எங்கும் எழுதப்பட்டு வந்தது. சராயேவோவில் மிர்சாத் டொக்காச்சா தலைமையில் இயங்கிய ஆய்வு ஆவண நிலையம், மூன்று இனத்தவரின் ஊர்களுக்கும் சென்று ஒவ்வொரு பெயராகத் திரட்டியது. 2007 இல் 97,207 பெயர்களை வெளியிட்டது. தொகை பாதியானதைக் கண்டு சிலர் கொதித்தனர். குற்றத்தைக் குறைத்துக் காட்டுகிறீர்களா என்றனர். ஆனால் அதே பட்டியல்தான் பொதுமக்களாக இறந்தவர்களுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் பொஸ்னிய முஸ்லிம்கள் என்பதையும் எவரும் மறுக்கமுடியாதபடி நிறுவியது. பெரிய தொகை அவர்களுக்குக் கொடுக்காத வலுவைச் சரியான தொகை கொடுத்தது. ஹேக் நீதிமன்றத்தின் ஆய்வாளர்கள் வேறு ஆவணங்களிலிருந்து பின்னர் பெற்ற மதிப்பீடு 104,732. இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போயின.

எண்ணிக்கை குறைந்த கதை இது. கூடிய கதை ஒன்று தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் உண்டு. 1980 முதல் 2000 வரை, 'ஒளிரும் பாதை' இயக்கத்தினருக்கும் அரச படைகளுக்கும் இடையிலான மோதலில் மலைநாட்டுக் கிராமத்தவர் அகப்பட்டுக்கொண்டனர். 2003 இல் உண்மை அறியும் ஆணைக்குழு தனது அறிக்கையை வெளியிட்டது. இறந்தோரும் காணாமற்போனோரும் 69,280 பேர் என்ற அதன் மதிப்பீடு, அதுவரை சொல்லப்பட்டதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு.

பதியப்படாதவரை எப்படி எண்ணினார்கள்? குளத்து மீனை எண்ணும் முறை அது. முதல்நாள் வலைவீசி நூறு மீன் பிடித்து, அடையாளமிட்டு விட்டுவிடுகிறோம். மறுநாள் மீண்டும் நூறு மீன் பிடிக்கிறோம். அவற்றுள் ஐம்பதில் அடையாளம் இருந்தால் குளத்தில் ஏறத்தாழ 200 மீன் உண்டு. பத்தில் மட்டும் இருந்தால் ஏறத்தாழ 1,000 மீன் உண்டு. ஆணைக்குழுவின் பட்டியல், மனித உரிமை அலுவலகத்தின் பட்டியல், தொண்டு நிறுவனங்களின் பட்டியல் என்பவற்றை ஒப்பிட்டு, ஒரே பெயர் எத்தனை பட்டியல்களில் வருகிறது என்று பார்த்து, எந்தப் பட்டியலிலும் வராதவர்களின் தொகையை மதிப்பிட்டனர். 2019 இல் வேறோர் ஆய்வாளர் அதே தரவுகளை வேறு முறையில் கணித்து 48,000 என்றார். தரவும் முறையும் வெளியில் இருந்தமையால் அந்தச் சண்டை தாளிலே நடந்தது, தெருவிலே நடக்கவில்லை.

அந்த அறிக்கையிலே என் நெஞ்சைத் தொட்ட தொகை வேறொன்று. ஆணைக்குழுவுக்கு அறிவிக்கப்பட்டவர்களுள் நூற்றுக்கு எழுபத்தைந்து பேரின் தாய்மொழி கெச்சுவா அல்லது வேறொரு பழங்குடி மொழி. 1993 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் அம்மொழிகளைப் பேசியவர்களோ நூற்றுக்குப் பதினாறு பேர். பல்லாயிரம் பேர் மாண்டும் தலைநகர் அதை உணராமல் இருந்ததேன் என்பதற்கு இந்த இரண்டு எண்களே விடை. மொழி ஆசிரியனாகிய நான் இதை எப்படிக் கடந்துபோவேன்?

இங்கே என் நினைவொன்றைச் சொல்ல அனுமதியுங்கள். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது நான் சாதாரணதர வகுப்பு மாணவன். அடுத்த ஆண்டு வலிகாமம் திரும்பிப் பாடசாலை மீளத் தொடங்கிய நாளில், வகுப்பாசிரியர் பழைய இடாப்பை எடுத்துப் பெயர்களை அழைத்தார். பல பெயர்களுக்கு 'சேர்' என்ற குரல் எழவில்லை. அவர் ஒவ்வொரு தடவையும் சிறிது நேரம் பொறுத்தார். பிறகு அடுத்த பெயருக்குப் போனார். சில வாரங்களின் பின் அந்தப் பெயர்களின்மேல் சிவப்பு மையால் கோடு கீறப்பட்டது. வன்னிக்குப் போனவன், கொழும்புக்குப் போனவன், வெளிநாடு போனவன், இயக்கத்துக்குப் போனவன், ஷெல் விழுந்து இறந்தவன் எல்லாருக்கும் ஒரே கோடு. இடாப்பின் விதிக்கு அது போதுமானது. என் பக்கத்தில் இருந்தவனின் பெயர் அந்தக் கோட்டின் கீழ் இன்றும் எனக்குத் தெரிகிறது. எந்தக் காரணத்தால் கோடு விழுந்தது என்று அந்த இடாப்பைப் பார்த்து எவரும் இனிச் சொல்லமுடியாது.

நமது போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அதன் இறுதிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்ற மதிப்பீட்டை, 2011 ஏப்ரலில் வெளியான ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கை எடுத்துக்கூறியது. அன்றைய அரசாங்கம் அவ்வறிக்கையை நிராகரித்தது. அதே ஆண்டு இறுதியில், அந்த அரசாங்கமே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் பாதிக்கப்பட்ட குடும்பங்களிடம் நேரிற் சென்று, துறைசார்ந்த முறையிலே வீடுவீடாகக் கணக்கெடுக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. 'எல்லாப் பகுதிகளிலும்' என்பதை அடிக்கோடிட விரும்புகிறேன். முள்ளிவாய்க்காலில் மகளை இழந்த தாய்க்கும், எல்லைக் கிராமத்தில் கணவனை இழந்த சிங்களப் பெண்ணுக்கும், பள்ளிவாசலில் தந்தையை இழந்த முஸ்லிம் பிள்ளைக்கும், 1971 இலும் 1987 முதல் 1989 வரையும் தெற்கிலே மறைந்த இளைஞரின் பெற்றோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும்.

எல்லாரும் நம்பக்கூடிய ஒரு பெயர்ப்பட்டியல் நம் கையில் வரும்வரை, ஒருவர் சொல்லும் தொகையை மற்றவர் அவமதிப்பாகவே கேட்பார். பெரிதாக்கிச் சொன்னால் இறந்தவருக்குப் பெருமை சேராது; சிறிதாக்கிச் சொன்னால் நாட்டுக்குப் பெருமை சேராது. யூகோஸ்லாவியா ஒரு தலைமுறைக் காலம் பட்டியலை மூடிவைத்து, அடுத்த தலைமுறையைக் களத்துக்கு அனுப்பியது. நமது பிள்ளைகளுக்கு அந்தக் கடனை நாம் விட்டுச்செல்லலாகாது.

மறுவாரம் வகுப்புக்குச் சென்றபோது அந்த மாணவனை எழுப்பி, 'எண்ணுதல்' என்ற வினைக்குப் பொருள் கேட்டேன். "கணக்கிடுதல், சேர்" என்றான். வேறு பொருள் இல்லையா என்றேன். சற்றே யோசித்து, "நினைத்தலும்தான் சேர்" என்றான். வள்ளுவர் எண்ணையும் எழுத்தையும் இரு கண்கள் என்றார். எழுத்தென்னும் கண்ணால் பரணியைப் படித்தோம். எண்ணென்னும் கண்ணையும் திறந்து படிக்கவேண்டிய காலம் இது என்று அவனுக்குச் சொன்னேன். பிறகு இடாப்பைத் திறந்து பெயர்களை அழைத்தேன். அன்று குரல் எழாத பெயர் ஒன்று இருந்தது. ஏன் வரவில்லை என்று கேட்டேன். காய்ச்சல் என்றார்கள். பெயருக்கு நேரே சிறிதாக அதனைக் குறித்துக்கொண்டேன்.